நீல மையில் மெலிந்த கடைசிப் பத்து நிமிடம்

கூடைப்பந்து ஸ்கோர் ஷீட்டில் மையின் நிறத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால்பகுதி. முதல், மூன்றாம் கால்பகுதிகளைச் சிவப்பில் எழுத வேண்டும். இரண்டையும் நான்கையும் நீலத்தில் அல்லது கறுப்பில். ஆட்டத்தில் விழுந்த கூடைக்கு எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, ஃப்ரீ த்ரோவில், அதாவது எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத எறிதலில், விழுந்ததற்கு அடைத்த ஒரு வட்டம். தவறிய ஃப்ரீ த்ரோவுக்கு அந்தப் பட்டியலில் அடையாளமே கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள எதிரணியின் ஃபவுல் கட்டங்களுக்குப் போக வேண்டும். அங்கே ‘பி’ எழுத்தின் பக்கத்தில் சின்னதாக 2 என்று இருந்தால் நமக்கு இரண்டு எறிதல் கிடைத்திருக்கிறது. கிடைத்ததை எண்ணி அடைத்த வட்டங்களைக் கழித்தால் தவறவிட்டது எத்தனை என்று வந்துவிடும்.

ஆகஸ்டில் தஞ்சாவூரில் ஓர் அழைப்புப் போட்டிக்குப் போய் மூன்று ஆட்டமும் தோற்றுத் திரும்பிய இரவு, மூன்று ஷீட்டையும் வீட்டுத் தரையில் விரித்து இந்தக் கணக்கைப் போட்டேன். மூன்றிலும் இடைவேளையில் முன்னால் இருந்தது நாங்கள்தான். முதல் கால்பகுதியில் 14, 12, 15 புள்ளிகள். கடைசிக் கால்பகுதியில் 3, 5, 4. கடைசிக் கால்பகுதிகளில் மட்டும் 14 ஃப்ரீ த்ரோ கிடைத்து 4 விழுந்திருந்தது. மூன்று ஆட்டத்தின் கடைசி முப்பது நிமிடத்தில் களத்திலிருந்து நாங்கள் போட்டது நான்கே நான்கு கூடை. பயிற்சியில் பத்துக்கு ஆறு ஃப்ரீ த்ரோ போடுகிற பிள்ளைகள் இவர்கள்.

ஏன் என்ற கேள்வியோடுதான் அந்தப் பருவம் எனக்குத் தொடங்கியது. அதற்கு விடை தேடியதையும், தேடும்போது நான் செய்த இரண்டு தவறுகளையும் இங்கே எழுதுகிறேன். டெல்டாவில் மகளிர் அணி வைத்திருக்கும் மற்ற உடற்கல்வி இயக்குநர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

அணியும் இடமும்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் எங்கள் கல்லூரி. திறந்தவெளி சிமெண்ட் கோர்ட் ஒன்று இருக்கிறது. 28க்கு 15 மீட்டர் சரியாக இருக்கும், ரிங் இரண்டும் 3.05 மீட்டர் உயரத்தில் நேராக நிற்கும், விளக்கு மட்டும் இல்லை. அணியில் 11 பேர். மூன்று பேர் விடுதி மாணவிகள், எட்டுப் பேர் தினமும் ஊரிலிருந்து வந்து போகிறவர்கள். ஏழெட்டுக் குடும்பங்களுக்கு வயல்தான் வருமானம்; சொந்த வயலோ கூலியோ. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-ல் ஆன பிறகுதான் காலைப் பயிற்சிக்கு இத்தனை பேரை என்னால் கூப்பிட முடிந்தது. அதற்கு முன்பு, பயிற்சிக்கு வா என்று சொல்வதும் தினமும் பேருந்துக் காசு கொண்டு வா என்று சொல்வதும் ஒன்றுதான். நான்கு பிள்ளைகள் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். 7-ஆம் எண் அந்தப் பணத்தைச் சேர்த்து முதன்முறையாக ஒரு நல்ல ஷூ வாங்கினாள். அதை வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போகமாட்டாள். பையில் துணி சுற்றி எடுத்து வருவாள்.

பிள்ளைகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சட்டையின் எண்ணால் குறிக்கிறேன். 4 எங்கள் பாயிண்ட் கார்ட், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள், 7 ஓரத்திலிருந்து எறிபவள், 9 முதலாமாண்டுப் பெண், நல்ல வேகம். 11 எங்கள் சென்டர். இரண்டாமாண்டு. ரிங்குக்கடியில் ரீபவுண்டுக்கு, அதாவது விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, எங்களுக்கு இருந்த ஒரே ஆள்.

ஸ்டாமினா என்ற ஒற்றைச் சொல்

தோற்று வந்ததும் எல்லோரும் சொன்னது ஒரே சொல்தான்: ஸ்டாமினா பத்தவில்லை. சக ஆசிரியர் ஒருவர், “பொம்பளப் புள்ளைங்களுக்கு நாப்பது நிமிஷங்கறது அதிகம்தான் மேடம்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்கு வயது நூறுக்கு மேல். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். அடுத்த ஆண்டே பக்கத்திலிருந்த ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைத் தன் மாணவிகளுக்குக் கொண்டுபோனார். பெண்கள் அதிகமாக ஓடிக் களைத்துவிடக் கூடாது என்று கோர்ட்டை மூன்று பகுதியாகப் பிரித்து, தன் பகுதிக்கு வெளியே யாரும் போகக் கூடாது என்று விதி வைத்தார். அந்தக் காலத்தில் பெண்களை ஆட விட்டதே பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோடு அழிந்த பிறகும் அந்த எண்ணம் அழியவில்லை. 2017-ல் பெங்களூருவில் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதி ஆட்டத்தில் நம் இந்திய மகளிர் அணி கஜகஸ்தானை 75–73 என்று வென்றது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் முடிகிற ஆட்டத்தை வெல்வது கடைசி நிமிடத்தில் கால் நிற்கிறவர்கள்தான். நாற்பது நிமிடம் பெண்களுக்கு அதிகம் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஸ்டாமினா என்ற சொல்லை ஒத்துக்கொண்டேன். என் முதல் தவறு அதுதான். உடலின் உள்ளே எதில் குறை என்று அந்தச் சொல் சொல்வதில்லை; இன்னும் ஓடு என்று மட்டும் சொல்கிறது. நானும் ஓடவிட்டேன். காலை ஆறே காலுக்கு மைதானத்தைச் சுற்றி ஆறு ரவுண்ட், பிறகு கோர்ட்டில் கோட்டுக்குக் கோடு ஓடித் தொட்டுத் திரும்பும் ஓட்டம் பத்து, மாலையில் மறுபடியும். இரண்டு வாரம்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, 4-ஆம் எண் ஓட்டத்தின் நடுவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். “கண்ணக் கட்டிக்கிட்டு வருது மேடம்” என்றாள். நிழலில் உட்கார வைத்து முகத்தைப் பார்த்தேன். உதடு வெளிறிப் போயிருந்தது. அந்த வாரப் பயிற்சி ஆட்டத்தில் நான்காவது கால்பகுதி மட்டுமில்லை, மூன்றாவதும் போயிற்று.

கண் இமையை இழுத்துப் பார்த்த மருத்துவர்

அடுத்த வாரம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் மருத்துவ முகாம் கல்லூரியில் நடந்தது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்திருந்தார்கள். 4-ஆம் எண்ணை அழைத்துப் போனேன். மருத்துவர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், “இவங்க எத்தனை பேர் டீம்ல?” என்று கேட்டார். பதினொரு பேருக்கும் ரத்தம் எடுத்தோம்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. எங்கள் 11 பேரில் 8 பேர் அதற்குக் கீழே. இரண்டு பேர் 10-க்கும் கீழே. 4-ஆம் எண்ணும் 9-ஆம் எண்ணும். 11-ஆம் எண்ணுக்குப் பழுதில்லை.

எனக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. இருந்திருக்கக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுக்க 57 சதவீதம். வகுப்பில் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு இருப்பது என் அணியில் இல்லாமல் போகுமா? ஓடுகிற பிள்ளை, சிரிக்கிற பிள்ளை, அதனால் நல்லாத்தான் இருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஸ்கோர் ஷீட்டின் புதிர் இங்கேதான் அவிழ்ந்தது. கூடைப்பந்து தொடர் ஓட்டமில்லை. சில விநாடி பாய்ச்சல், ஒரு குதிப்பு, திரும்பி ஓட்டம், கொஞ்சம் நிதானம், மறுபடி பாய்ச்சல். அந்தச் சில விநாடிப் பாய்ச்சலுக்குத் தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சக்தி போதும். ஆக்சிஜன் அப்போதைக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் செலவானதை அடுத்த பாய்ச்சலுக்குள் நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். அதைச் சுமந்து வருவது ஹீமோகுளோபின். ரத்தசோகை உள்ள பெண் முதல் பத்து நிமிடம் யாருக்கும் சளைக்காமல் ஆடுவாள். நிரப்புவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்துகொண்டே போகும், இதயம் அதை ஈடுகட்ட வேகமாக அடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது கால்பகுதி முடியும்போது கஜானா காலி. ஃப்ரீ த்ரோவுக்கான விசை கையைவிடக் காலிலிருந்தும் முட்டியிலிருந்தும்தான் அதிகம் வருகிறது. கால் செத்தால் பந்து ரிங்கின் முன் விளிம்பில் இடித்துக் கீழே விழும். எங்கள் தவறிய எறிதல்கள் பெரும்பாலும் அப்படித்தான் விழுந்தன. கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தும் அதைக் குறி தவறுவதாகவே நினைத்திருந்தேன்.

காலியான கஜானாவோடு நின்ற பிள்ளைகளைத்தான் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஓட விட்டிருக்கிறேன்.

மூன்று நாள் நோட்டு

மருத்துவர் மாத்திரை எழுதினார். கூடவே, “என்ன சாப்புடுறாங்கன்னு கேளுங்க மேடம்” என்றார். வாயால் கேட்டால் “சாப்பிட்டேன் மேடம்” என்றுதான் பதில் வரும். அதனால் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, மூன்று நாள் வாயில் போனது அத்தனையும் நேரத்தோடு எழுதச் சொன்னேன். தண்ணீரும் டீயும் உட்பட. திட்ட மாட்டேன் என்று முதலிலேயே சத்தியம் செய்து கொடுத்தேன்.

4-ஆம் எண்ணின் நோட்டில் ஒரு நாள்: விடிகாலை ஐந்தே காலுக்கு டீ, இரண்டு ரஸ்க். ஐந்தே முக்காலுக்கு முதல் பேருந்து. ஆறே காலிலிருந்து எட்டு மணி வரை பயிற்சி. பிறகு ஒன்றுமில்லை, வகுப்பு. பத்தரை மணி இடைவேளையில் டீ. மதியம் ஒன்றரைக்கு டிபன் பாக்ஸில் புளிசாதம், ஊறுகாய். நான்கு மணிக்கு டீ. மாலைப் பயிற்சி. இரவு எட்டே முக்காலுக்குச் சோறு, ரசம், அப்பளம். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ‘மதியம் வரை விரதம்’ என்று எழுதி, அதன் கீழே, ‘கோயில்ல கூழ்’ என்று எழுதியிருந்தாள். அந்த மூன்று நாளில் அவள் உடம்பில் நல்லதாகச் சேர்ந்தது அந்தக் கேழ்வரகுக் கூழ்தான்.

எட்டு நோட்டிலும் ஏறக்குறைய இதே கதை. விடிகாலையிலிருந்து மதியம் வரை, இரண்டு மணி நேரம் வியர்த்த உடம்புக்குக் கிடைத்தது டீயும் ரஸ்க்கும். விடுதிப் பிள்ளைகள் மூவரின் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் மெஸ்ஸில் காலைச் சாப்பாடு ஏழரை மணிக்கு, பயிற்சி முடிந்து போவதற்குள் சாம்பார் தீர்ந்திருக்கும். நானே வைத்த காலை ஆறே கால் பயிற்சிதான் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டைப் பறித்திருக்கிறது.

நோட்டைப் படித்து முடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் இல்லாததால் மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 7-ஆம் எண்ணின் வீட்டில் பசு இருக்கிறது, கொல்லையில் முருங்கை மரம் நிற்கிறது. ஐந்து மணிக்கு எழுந்து சமைக்கும் அம்மா நடவுக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்கு முன்னால் மகளுக்குச் சோறு கட்டியாக வேண்டும். புளிசாதம் முந்தின இரவே ஆகிவிடும், கெடாது. அந்த அம்மாவிடம் நான் போய்ச் சத்துணவு பற்றிப் பேசுவது நியாயமில்லை. பயிற்சிக்கு அழைத்தவள் நான். அந்தப் பயிற்சிக்கான சோற்றுக்கும் நான்தான் வழி பார்க்க வேண்டும்.

செய்தவை

முதலில் காலைப் பயிற்சியை வாரத்தில் ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைத்தேன். ரவுண்ட் ஓட்டத்தை அடியோடு நிறுத்தினேன். பயிற்சி முடிந்ததும் கோர்ட்டிலேயே சாப்பாடு என்று ஏற்பாடு. பழைய ஆட்டக்காரிகள் ஆறு பேர், இப்போது ஆளுக்கொரு வேலையில் இருப்பவர்கள், செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். விடுதி மெஸ்ஸில் சுண்டல் வேகவைத்துக் கொடுத்தார்கள்: ஒரு நாள் கறுப்புக் கொண்டைக்கடலை, ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் வேர்க்கடலை. கூட ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். சுண்டலில் எலுமிச்சை பிழிய வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன். பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்பு உடம்பில் ஒட்ட அந்தப் புளிப்பிலுள்ள வைட்டமின் சி உதவுகிறது. அதேபோல் சாப்பாட்டோடு டீ கூடாது, குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளி. எதை வேண்டுமானாலும் செய்கிறோம் மேடம், டீயை மட்டும் கேட்காதீர்கள் என்று பெரிய போராட்டமே நடந்தது. தள்ளிக் குடிக்கலாம், விட வேண்டாம் என்று சமாதானமானோம்.

செப்டம்பர் பாதியில் புரட்டாசி பிறந்தது. பாதிப் பிள்ளைகள் முட்டையைத் தொடவில்லை. அதற்காக வாக்குவாதம் செய்யவில்லை. எள்ளுருண்டை, வேர்க்கடலை உருண்டை, முருங்கைக்கீரை அடை என்று மாற்றினோம். ஐப்பசி பிறந்ததும் 9-ஆம் எண்ணின் பாட்டி சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்) வாங்கி வதக்கிக் கொடுத்தனுப்பியிருந்தார். ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி என்பது அந்தப் பாட்டி நமக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம். நாம் அவருக்கு அல்ல.

மாத்திரை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய இடங்களில் இது இந்தக் கட்டத்தில்தான் தோற்கிறது. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை வராமல் தடுப்பதற்கு. வந்த பிறகு கொடுக்கும் அளவு வேறு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே ஐந்து பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். இதை யாரிடமும் சொல்லவும் வெட்கம். கறுப்பாகப் போவது இயல்பு என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது. வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிட்ட பிறகு போடலாம் என்றார் மருத்துவர். அதிலிருந்து சுண்டல் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள்.

பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். டெல்டாக்காரர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக உள்ளே போய்க் குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். எங்கள் அணியில் நான்கு பேர் விடுமுறை நாளில் அம்மாவோடு நாற்றுப் பறிக்கப் போகிறவர்கள்.

மாதவிடாய் பற்றி மாணவிகளோடு முதன்முறையாக வெளிப்படையாகப் பேசினேன். 9-ஆம் எண்ணுக்கு எட்டு நாள் வரை போகும் என்பதும், அதை அவள் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எங்கள் சீருடையில் ஷார்ட்ஸ் வெள்ளை. அந்த நாட்களில் பயந்து பயந்து ஆடியிருக்கிறார்கள். அடுத்த வாரமே கருநீலத்தில் தைக்கக் கொடுத்தோம். இத்தனை வருடமாக இது எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டத்திலும் மாற்றம் செய்தோம். கோர்ட் முழுக்க விரட்டும் பிரஸ்ஸை விட்டு 2–3 ஸோன் தடுப்புக்கு வந்தோம்: முன்னால் இருவர், ரிங்குக்கடியில் மூவர், அவரவர் இடத்தைக் காப்பது. ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியின் தொடக்கத்தில் புத்துணர்ச்சியோடு போடுவதை நிறுத்தி, நடுநடுவே, ஒரு பாய்ச்சல் ஓட்டம் முடிந்த கையோடு இரண்டே இரண்டு என்று போட வைத்தேன். ஆட்டத்தில் அப்படித்தானே கிடைக்கிறது? முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கி, பந்து ரிங்கின் பின் விளிம்பை நோக்கிப் போக வேண்டும் என்பதுதான் ஒரே அறிவுரை.

பதினொன்றாம் எண்

செப்டம்பர் கடைசியில் மண்டலப் போட்டி. முதல் ஆட்டம் எளிதாகப் போயிற்று. அரையிறுதியில் நான்காவது கால்பகுதி தொடங்கும்போது நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். வழக்கமாக அங்கே கதை முடியும். 4-ஆம் எண் பந்தைக் கொண்டுபோன விதத்தைப் பார்த்தேன். தலை நிமிர்ந்திருந்தது, முட்டியைப் பிடிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் சமன் செய்து முன்னால் போனோம்.

மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது, 11 ஒரு ரீபவுண்டுக்கு எம்பினாள். பந்தையும் பிடித்தாள். இறங்கும்போது ஒற்றைக் காலில் இறங்கினாள், முட்டி உள்பக்கம் மடிந்தது. யாரும் அவள் மேல் மோதவில்லை. பக்கத்தில் நின்ற 7 அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்றாள்.

அந்த ஆட்டத்தை வென்றோம். மண்டலத்தில் முதல் இரண்டு அணிகளுக்கு அடுத்த சுற்று என்பதால் தகுதியும் பெற்றோம். மறுநாள் இறுதி ஆட்டத்தில் தோற்றது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கும் மனம் அங்கே இல்லை. இரவுக்குள் முட்டி வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுந்திருந்தது.

என் இரண்டாவது தவறு இது. குதித்துத் திரும்பும் ஆட்டங்களில் இந்தத் தசைநார்க் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் எட்டு மடங்கு வரை அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த செய்தி. பெரும்பாலும் மோதலால் வருவதில்லை. இறங்கும்போது, திரும்பும்போது வருகிறது. களைத்த தசை முட்டியை நேராகப் பிடிப்பதில்லை. வாரம் இரண்டு மூன்று முறை, கால் மணி நேரம், எப்படி இறங்குவது என்பதையும் தொடை, இடுப்புத் தசைகளையும் பழக்கினால் இந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கலாம். நான் படித்ததுதான். எட்டுப் பேரின் ரத்தத்தைப் பற்றிய கவலையில் பழுதில்லாத மூன்று பேரை மறந்துபோனேன். அவர்களில் உயரமானவள் 11. எட்டுப் பேரைக் களைப்பாறக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் என்பதால், பழுதில்லாதவளை நான் ஒரு நிமிடம்கூட உட்கார வைக்கவில்லை. அன்று விழும் வரை 37 நிமிடம் கோர்ட்டிலேயே இருந்தாள். ரத்தம் நன்றாக இருந்தது என்பதற்காகவே அவள் கால் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று.

அவள் அம்மா மருத்துவமனை வராந்தாவில் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “காலு பழையபடி ஆயிரும்லங்க டீச்சர்?” ஆகும், ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் ஆகும் என்றேன். “சரிங்க டீச்சர். நடவுக்கு வரலன்னாலும் பரவால்ல. அவ ஆடணும்ங்கறா” என்றார்.

மழை

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. டெல்டாவில் வயலுக்கு அது வேண்டியதுதான், திறந்தவெளி கோர்ட்டுக்கு அது பூட்டு. தண்ணீரைச் சாக்குப் போட்டு ஒற்றி எடுத்தாலும் பாசி பிடித்த சிமெண்ட்டில் யாரையும் குதிக்க விட எனக்குத் துணிவில்லை. கலையரங்கத்தின் மேடையிலும் படியிலும் பயிற்சி. பந்தே இல்லாமல் இறங்கப் பழகினோம்: படியிலிருந்து குதி, இரண்டு காலில், முட்டி மடக்கி, முட்டி கால்விரலுக்கு நேராக, சத்தம் வராமல். சத்தம் வந்தால் மறுபடி. 11 ஊன்றுகோலோடு நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுத் திருத்தினாள். இன்னொரு விதியும் போட்டோம். யாராக இருந்தாலும் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆடக் கூடாது. பத்துப் பேரும் ஒவ்வொரு கால்பகுதியிலும் இறங்க வேண்டும். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பயம்தான். மூத்தவர்கள் “தப்புப் பண்ணுனா பண்ணிக்கடி, நாங்க இருக்கோம்ல” என்று தைரியம் சொன்னார்கள்.

அக்டோபர் கடைசியில் திருச்சியில் மண்டலங்களுக்கிடையிலான போட்டி. மழையால் ஒரு நாள் தள்ளி, உள்ளரங்கத்தில் நடந்தது. முதல் ஆட்டம் வென்றோம். அரையிறுதியில் எதிரணிக்கு விளையாட்டு விடுதியில் வளர்ந்த இரண்டு உயரமான பெண்கள். ரிங்குக்கடியில் 11 இல்லாத இடம் திறந்தே கிடந்தது. மூன்றாவது கால்பகுதி முடிவில் ஒன்பது புள்ளி பின்னால். ஏழு புள்ளியில் தோற்றோம்.

ஷீட்டை வாங்கிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்து எண்ணினேன். நான்காவது கால்பகுதி: எங்களுக்கு 13, அவர்களுக்கு 11. ஃப்ரீ த்ரோ 8 கிடைத்து 6 விழுந்திருந்தது. அந்தப் பருவத்தில் இந்த அளவு வலுவான அணியிடம் கடைசிப் பத்து நிமிடத்தை நாங்கள் வென்றது இது ஒருமுறைதான். பிள்ளைகள் பின் இருக்கையில் அழுதுகொண்டிருந்தார்கள். ஷீட்டை 4-ஆம் எண்ணின் கையில் கொடுத்து நீல மை இருக்கும் பக்கத்தை எண்ணச் சொன்னேன். இரண்டு முறை எண்ணினாள். பிறகு எழுந்து போய் மற்றவர்களுக்குக் காட்டினாள்.

நவம்பரில்

நவம்பரில் மறுபடி ரத்தம் பார்த்தோம். 12-க்குக் கீழே இருந்தவர்கள் எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தார்கள். 10-க்குக் கீழே யாருமில்லை. மாத்திரையா, சுண்டலா, குறைத்த ஓட்டமா, ஆள் மாற்றி ஆடியதா என்று பிரித்துக் காட்ட முடியாது. எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கினோம். ஒன்றை மட்டும் செய்து பார்த்து மற்றதைத் தள்ளிவைக்கும் ஆய்வை என் பிள்ளைகள் மேல் நடத்த எனக்கு மனமில்லை. ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, உடம்பில் இரும்பு இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் வட்டமாக உட்காரும் வழக்கம் தேர்வு விடுமுறை வரை நீடித்தது. போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கி வருகைப் பதிவை 75 சதவீதத்துக்குக் கொண்டுவந்ததும் அதே வட்டத்தில்தான்.

9-ஆம் எண் இன்னும் 12-ஐத் தொடவில்லை. அவளுக்கு மாதவிடாய்ப் போக்குக்குத் தனியாகப் பரிசோதனை நடக்கிறது. அவள் அம்மாவும் சேர்ந்து வருகிறார். அதுவரை அவளுக்கு மட்டும் ஐந்து நிமிடம் நான்கு நிமிடம்.

11-க்கு அறுவை சிகிச்சை முடிந்து பயிற்சி நடக்கிறது. அடுத்த பருவத்தின் முதல் பாதியில் அவளை இறக்குவதாக இல்லை, அவளுக்கும் சொல்லிவிட்டேன். டிசம்பரில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை பயிற்சி ஆட்டம் வைத்தோம். ஸ்கோர் ஷீட் எழுதியது அவள். சிவப்புப் பேனாவை மூடி நீலத்தை எடுத்து நாலு நிமிடம் ஆகியிருக்கும், மேஜையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

“மேடம், ஒம்பத எடுத்துருங்க. ரெண்டு ஃப்ரீ த்ரோவும் முன் விளிம்புலயே விழுந்துச்சு.”